குயின்ஸ் கேம்பிட் ஆட்டம் டிராவில் முடிந்தால்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் பிள்ளைகளைச் சதுரங்கப் போட்டிகளுக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்பவற்றையும், அவர்களுக்குத் தெரியாமல் பிள்ளைகள் கேட்பவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கும் மரபான ஆட்டமும் அது டிராவில், அதாவது வெற்றி தோல்வி இல்லாமல் ஆளுக்கு அரைப் புள்ளியோடு, முடிவதும்தான் பொருள். கட்டங்களின் பெயரை ஒலிப்படி ஏ முதல் எச் வரை எழுதுகிறேன். மூலையில் நிற்பது யானை, குதிரைக்குப் பக்கத்தில் நிற்பது பிஷப். '×' என்றால் வெட்டு. நகர்த்தல் பட்டியலில் 'கோட்டை' என்றால் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றிக் கோட்டை கட்டுவது. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கருப்பின் நகர்த்தல்.

குயின்ஸ் கேம்பிட் என்பது சிப்பாயை இனாமாகக் கொடுப்பதா?

பார்வைக்கு அப்படித்தான் தெரியும். 1. டி4 டி5 2. சி4 என்று வெள்ளை ஆடியதும் சி4 சிப்பாயைக் கருப்பு வெட்டலாம். ஆனால் வெட்டியதைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது கடினம். அடுத்த நகர்த்தலிலேயே வெள்ளை ராணி ஏ4-க்கு வந்து செக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தச் சிப்பாயை எடுத்துக்கொள்ளும். எனவே இது இனாம் கிடையாது. நடுக் கட்டங்களைப் பிடிக்கத் தரும் சிறு கடன். கருப்பு வெட்டாமல் 2... இ6 என்று சிப்பாயைத் தாங்கிப் பிடித்தால் அது குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இந்தத் தொடக்கம் ஆடினால் முடிவு டிராதான் என்கிறார்களே?

அந்தப் பெயர் காரணமில்லாமல் வரவில்லை. 1927-இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் கபபிளாங்காவும் அலெகைனும் உலகப் பட்டத்துக்காக 34 ஆட்டங்கள் மோதினார்கள். அவற்றில் 32 ஆட்டங்கள் குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட். 25 ஆட்டங்கள் டிரா. அலெகைன் ஆறு வென்று, மூன்று தோற்று, பட்டத்தை எடுத்துக்கொண்டார். 1984-இல் மாஸ்கோவில் தொடங்கிய கார்ப்போவ் – காஸ்பரோவ் போட்டி இன்னும் மோசம்: 48 ஆட்டங்களில் 40 டிரா, அதிலும் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 17. கடைசியில் 1985 பிப்ரவரியில் முடிவே இல்லாமல் போட்டியை நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் குயின்ஸ் கேம்பிட் மறுபடி மறுபடி வந்தது.

ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் மகளின் ஆட்டத்தை எடை போடாதீர்கள். உலகப் பட்டத்துக்கு மோதும் இருவர், ஒருவர் மூச்சுவிடுவதை இன்னொருவர் அறிந்தவர்கள். தொடக்கநிலை நான்கில் படிக்கும் இருவருக்கு நடுவே அதே தொடக்கம் வந்தால் இருபது நகர்த்தலுக்குள் யாராவது ஒருவர் பிஷப்பை இழந்துவிடுவார். டிரா ஆவதே அபூர்வம்.

பெரியவர்களிடத்திலும் இதற்கு நேர்மாறான ஆட்டங்கள் உண்டு. 2010-இல் சோஃபியாவில் டோபலோவுடன் ஆனந்த் மோதிய போட்டியில் 11 ஆட்டங்களுக்குப் பிறகு இருவரும் சமம். மிச்சம் இருந்தது கடைசி ஆட்டம் ஒன்றுதான். ஆனந்துக்குக் கருப்பு. அவர் எடுத்தது குயின்ஸ் கேம்பிட்டில் லாஸ்கர் தற்காப்பு. காய்களை மாற்றி மாற்றி நிலையைத் தணிக்கும் முறை அது. டிரா வேண்டும் என்பவர்கள் தேடிப் போவது. 56 நகர்த்தல்களில் ஆனந்த் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். அளவுக்கு மீறி இழுத்தவர் டோபலோவ்தான். 31-ஆவது நகர்த்தலில் எஃப்5 சிப்பாயை வெட்டி, அடுத்ததாக இ4-லும் வெட்டித் தன் ராஜாவின் வாசலைத் தானே திறந்துவிட்டார்.

நம் ஊரிலேயே நடந்தது ஒன்று. 2024 நவம்பர் 27 அன்று செந்தோசாவில் உலகப் பட்டப் போட்டியின் மூன்றாவது ஆட்டம். குகேஷ் வெள்ளை, டிங் லிரன் கருப்பு, குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டில் சிப்பாய் மாற்றுப் பிரிவு. எதிரியின் எல்லைக்குள் சி2 வரை போன டிங்கின் பிஷப் திரும்ப வழியில்லாமல் சிக்கி, இரண்டு சிப்பாய்களுக்கு ஈடாக விழுந்தது. 37-ஆவது நகர்த்தலில் டிங்கின் நேரமும் தீர்ந்தது. 'போரடிக்கும் தொடக்கம்' என்று சொல்லும் மாணவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான்.

டிராவில் முடியும் ஆட்டம் உள்ளே எப்படி நடக்கிறது? ஒன்றைக் காட்ட முடியுமா?

பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். இவை நூறாண்டுப் பழைமை கொண்ட ஏட்டு நகர்த்தல்கள். கருப்பின் முறைக்குக் கபபிளாங்காவின் பெயரைச் சொல்வார்கள்.

1. டி4, டி5 2. சி4, இ6 3. குதிரை சி3, குதிரை எஃப்6 4. பிஷப் ஜி5, பிஷப் இ7 5. இ3, கோட்டை 6. குதிரை எஃப்3, பி8 குதிரை டி7-க்கு 7. யானை சி1, சி6 8. பிஷப் டி3, டி×சி4 9. பிஷப்×சி4.

இங்கே நிறுத்துங்கள். கருப்பு சி4-ஐ வெட்ட ஏன் இவ்வளவு நேரம் காத்திருந்தது? வெள்ளை பிஷப் டி3-க்கு வரட்டும் என்றுதான். வந்த பிறகு வெட்டினால் அதே பிஷப் மறுபடி நகர வேண்டும். வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் வீண். வெள்ளையும் சும்மா இல்லை. 7-ஆவதில் யானையை நகர்த்தியது, பிஷப்பை இன்னும் கொஞ்சம் தாமதிக்கத்தான். ஒரே ஒரு நகர்த்தலுக்காக இரண்டு பேரும் இப்படிப் பிடிவாதம் பிடிப்பதை வகுப்பில் சொன்னால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

கருப்பின் உண்மையான தலைவலி சி8-இல் இருக்கும் பிஷப். இ6 சிப்பாய் வழியை அடைத்து நிற்பதால் அது பிறந்த கட்டத்திலேயே கிடக்கிறது. இடம் குறைவாக இருப்பவன் காய்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதனால்:

9... குதிரை டி5 10. பிஷப்×இ7, ராணி×இ7 11. கோட்டை, குதிரை×சி3 12. யானை×சி3, இ5.

மூன்று நகர்த்தலில் இரண்டு ஜோடிக் காய்கள் போயின. இ5 தள்ளியதும் சி8 பிஷப்புக்குக் கதவு திறந்துவிட்டது. தொடக்கத்தில் கருப்பு கேட்டது இவ்வளவுதான், கிடைத்துவிட்டது.

13. டி×இ5, குதிரை×இ5 14. குதிரை×இ5, ராணி×இ5 15. எஃப்4, ராணி இ4 16. ராணி இ2, பிஷப் எஃப்5 17. பிஷப் டி3, ராணி டி5 18. இ4.

இந்தச் சிப்பாய் ராணியையும் பிஷப்பையும் ஒன்றாகத் தாக்குகிறது. காய் போய்விட்டது என்று நினைத்துக் கையைத் தலையில் வைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பலகையைப் பார்க்கச் சொல்வேன். எஃப்2-இல் இருந்த சிப்பாய் 15-ஆவதிலேயே முன்னேறிவிட்டது. ராஜாவை நோக்கிய மூலைக்கோடு திறந்திருக்கிறது. 18... ராணி டி4 செக்!

ஆட்டத்தின் முச்சந்தி இது. வெள்ளை ராஜாவை எச்1-க்கு ஒதுக்கி ராணிகளைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு மல்லுக்கட்டலாம். அல்லது 19. ராணி எஃப்2, ராணி×எஃப்2 செக் 20. ராஜா×எஃப்2 என்று ராணிகளை மாற்றிவிடலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தால், டிராவை நோக்கி முதல் அடி வைத்தது வெள்ளை. கருப்பு இல்லை. ஆட்டம் டிரா என்று கேள்விப்பட்டதும் நான் தேடுவது இந்த இடத்தைத்தான்: அந்தப் பக்கம் திருப்பியது யார் கை?

அதோடு கதை முடியவுமில்லை. எஃப்5 பிஷப் இன்னும் தாக்குதலில் இருக்கிறது. கருப்பு அதை எங்கே வைக்கும்? கை தானாகப் போகும் கட்டம் ஜி6. அங்கே போனால் 21. எஃப்5, பிஷப் எச்5 22. ஜி4 என்று பிஷப் நெருக்கடியில் மாட்டும். ஜி4 சிப்பாயை வெட்டினாலும் 23. ராஜா ஜி3 வந்து மறுபடி தாக்கும். சரியான இடம் 20... பிஷப் டி7. இதன் பிறகு இருவரிடமும் இரண்டு யானை, ஒரே நிறக் கட்டத்தில் ஓடும் பிஷப், ஆறு சிப்பாய். ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நாலுக்கு மூன்று, மறுபக்கத்தில் கருப்புக்கு மூன்றுக்கு இரண்டு. வெள்ளை ராஜா நடுவே வந்து சிப்பாய்களை நகர்த்திச் சோதிக்கலாம். கருப்பு டி கோட்டில் யானைகளை எதிரெதிராக நிறுத்தி மாற்றிக்கொண்டே வந்தால் டிரா இயல்பாக வரும். ஆனால் ஜி6, டி7 என்ற இரண்டு கட்டங்களுக்கு நடுவே அந்த அரைப் புள்ளி தொங்கிக்கொண்டிருந்தது என்பது முடிவுப் பலகையில் எழுதியிருக்காது.

இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு டிரா செய்கிறார்களோ?

சில நேரம், ஆமாம். கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி இருவருக்கும் போதும் என்றால் பத்து நகர்த்தலில் கைகுலுக்கி எழுந்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. போட்டி நடத்துபவர்களுக்கும் பிடிக்காது என்பதால்தான் பல இடங்களில் தடை வந்தது. செந்தோசா போட்டியில் 40 நகர்த்தலுக்கு முன் பேசி டிரா செய்ய அனுமதி இல்லை. அப்படியிருந்தும் 14 ஆட்டங்களில் 9 டிரா. அவற்றை ஆடித்தான் டிரா செய்தார்கள்.

ஒரே நிலை மூன்று முறை வந்தால் தானாக டிரா ஆகிவிடுமா?

ஆகாது. உள்ளூர்ப் போட்டிகளில் பிள்ளைகள் அரைப் புள்ளியை இழப்பது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

மூன்று முறை வந்தால் டிரா கேட்கும் உரிமை உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். உங்கள் அடுத்த நகர்த்தலால் மூன்றாம் முறை வரப்போகிறது என்றால் காயைத் தொடாதீர்கள். நகர்த்தலைத் தாளில் எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், கையை உயர்த்தி நடுவரை அழையுங்கள், அவரிடம் சொல்லுங்கள். எதிராளி நகர்த்தியதால் மூன்றாம் முறை வந்திருந்தால் நீங்கள் நகர்த்துவதற்கு முன்பே கேட்க வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலுக்கு உரிமை போயிற்று. கோரிக்கை தவறு என்று தெரிந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், எழுதிய நகர்த்தலை ஆடியே ஆக வேண்டும்.

இன்னொன்று. மூன்று முறையும் தொடர்ந்து வர வேண்டும் என்பதில்லை. 22-இல் ஒன்று, 25-இல் ஒன்று, 31-இல் ஒன்று என்று வந்தாலும் செல்லும். ஆனால் அதே காய்கள் அதே கட்டங்களில் இருப்பதோடு நகர்த்த வேண்டியவரும் அவரேயாக இருக்க வேண்டும். கோட்டை கட்டும் உரிமையும் மாறியிருக்கக் கூடாது. தாளில் கிறுக்கி வைத்திருந்தால் நடுவரால் எதையும் சரிபார்க்க முடியாது. கையெழுத்துக்கு அரைப் புள்ளி மதிப்பு உண்டு என்று நான் சொல்வது வேடிக்கைக்கு அல்ல.

ஐந்து முறை வந்தால் யாரும் கேட்காமலே டிரா. 50 நகர்த்தல் விதியும் இப்படித்தான்: சிப்பாய் நகராமலும் எதையும் வெட்டாமலும் இருவரும் 50 நகர்த்தல்கள் ஆடியிருந்தால் கேட்கலாம், 75 ஆனால் தானாக முடியும்.

டிரா கேட்பதற்கு ஒழுங்கு இருக்கிறதா?

இருக்கிறது. உங்கள் நகர்த்தலை ஆடுங்கள், "டிரா?" என்று கேளுங்கள், பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். கேட்டதைச் சமக் குறியாகத் தாளில் போட்டு வையுங்கள். எதிராளி வாயால் மறுக்கலாம், பேசாமல் காயை எடுத்தும் மறுக்கலாம். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தால் தொல்லை கொடுத்ததாக நடுவர் கண்டிப்பார். எதிராளியின் நேரம் ஓடும்போது கேட்பதும் அநாகரிகம். வயதில் பெரிய அண்ணனோ மாமாவோ எதிரே உட்கார்ந்திருந்தால் மரியாதைக்காக டிரா கொடுத்துவிடும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. மரியாதை கைகுலுக்குவதில் இருந்தால் போதும்.

எல்லாரும் லண்டன் முறை ஆடுகிறார்கள். என் பிள்ளைக்கும் அதையே கற்றுத் தரலாமே?

லண்டனும் ராணிச் சிப்பாய்த் தொடக்கம்தான். டி4 ஆடி, சி4 தள்ளாமல் பிஷப்பை எஃப்4-இல் வைத்துவிடுவார்கள். எதிராளி எதை ஆடினாலும் ஏறக்குறைய அதே நகர்த்தல்கள். தேர்வு நெருங்கும் நேரத்தில் படிக்க அவகாசமில்லாத பிள்ளைக்கு அது வசதி. ஆனால் எட்டு, ஒன்பது வயதில் அதையே பிடித்துக்கொண்டால் சிப்பாய்கள் மோதும் நிலைகளைப் பார்க்காமலே வளர்ந்துவிடுவார்கள் என்பது என் கருத்து. என்னோடு வாதாடும் பயிற்றுநர்கள் உண்டு.

செந்தோசாவில் டிங் இதை இரண்டு முறை எடுத்தார். பத்தாவது ஆட்டம் ஒரே நிலை மூன்று முறை வந்து 36 நகர்த்தலில் ஓசையில்லாமல் டிராவில் முடிந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி நடந்த ஆறாவது ஆட்டம் வேறு வகை. நிலை திரும்பத் திரும்ப வந்து டிரா ஆகிவிடும் போலிருந்தது. கருப்பு ஆடிய குகேஷ் 26-ஆவதில் ராணியை எச்4-க்கு எடுத்துச் சென்று அதை மறுத்தார். நிலைமை அவருக்குச் சாதகமாகவும் இல்லை. 46 நகர்த்தலில் அது டிராவில்தான் முடிந்தது. இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே தொடக்கம், ஒரே அரைப் புள்ளி. முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் ஆறாவதைச் சொல்வேன்.

டிரா செய்தால் ரேட்டிங் குறையுமா?

ரேட்டிங் என்பது ஆடுபவரின் பலத்தைக் காட்டும் எண். டிராவால் அது ஏறுமா இறங்குமா என்பது எதிராளியைப் பொறுத்தது. உங்கள் மகனைவிட 200 புள்ளி மேலே இருப்பவரிடம் அவன் எடுக்க வேண்டியதாக உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் அட்டவணை எதிர்பார்ப்பது 0.24. டிரா செய்தால் கிடைப்பது 0.5. வித்தியாசம் 0.26. ரேட்டிங் 2300-க்குக் கீழே உள்ள 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெருக்கும் எண் 40 என்பதால் 10.4 புள்ளி ஏறும். அதே அளவு கீழே இருப்பவரிடம் டிரா செய்தால் 10.4 இறங்கும். ரேட்டிங் போட்டி இல்லையென்றால் இந்தக் கணக்கே இல்லை.

வீட்டில் கணினியில் போட்டால் முழுதும் சுழியத்தையே காட்டுகிறது. தவறே இல்லாத ஆட்டம் என்று அர்த்தமா?

சுழியம் என்றால் இரு பக்கமும் சமம் என்று கணினி சொல்கிறது. இருவரும் தப்பித்தார்கள் என்று அர்த்தம். மேலே சொன்ன 18... ராணி டி4 செக் இல்லாமல் வேறு எதை ஆடியிருந்தாலும் கருப்புக்கு ஒரு காய் போயிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எண் ஏறக்குறைய சுழியம்தான். பாலம் எவ்வளவு குறுகல் என்பதைக் கணினி காட்டாது. கணினியை அணைத்துவிட்டு, அந்த நிலையில் எத்தனை நகர்த்தல்கள் காப்பாற்றும் என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள்.

தாத்தா ஊரில் ஆடிய சதுரங்கத்தில் இதெல்லாம் கிடையாது என்கிறாரே?

தாத்தா சொல்வது சரி. பழைய நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவது கிடையாது. பதிலுக்கு ராஜா ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். ஊருக்கு ஊர் விதி சற்று மாறும். டி4 என்று ஒரே பாய்ச்சலில் போகவே முடியாத ஆட்டத்தில் குயின்ஸ் கேம்பிட் எங்கிருந்து வரும்? புளோக்கின் கீழ்த்தளத்தில் கட்டம் பதித்த கல்மேசை இருந்தால் பேரனும் தாத்தாவும் ஒரு ஆட்டம் அவர் விதிப்படி, ஒரு ஆட்டம் இவன் விதிப்படி ஆடட்டும். இடையிலேயே விதி மாறாமல் பார்த்துக்கொள்ள யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிரா ஆட்டத்தை வீட்டில் எப்படித் திரும்பிப் பார்ப்பது?

அன்று இரவே வேண்டாம்; சாப்பிட்டுத் தூங்கட்டும். மறுநாள் தாளை எடுத்து, கணினி இல்லாமல், மரப் பலகையில் முதலிலிருந்து ஆடிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று இடங்களில் மட்டும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்: ராணிகள் மாறிய இடம், பயந்துபோன இடம், எதிராளி நீண்ட நேரம் யோசித்த இடம். கடைசியாகச் சொன்னதைப் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. எதிராளி பத்து நிமிடம் யோசித்திருக்கிறார் என்றால் அவருக்கு அங்கே ஏதோ தெரிந்திருக்கிறது, அல்லது ஏதோ உறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் மிச்ச நேரத்தைக் குறித்து வைக்கப் பழக்கினால் இந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தாளில் அதற்கென்று தனிக் கட்டம் இருக்காது. நகர்த்தலுக்கு அருகில் சிறிய எழுத்தில் எழுதினால் போதும். கோடு போட்ட தாளை வகுப்புக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள், பலகையில் வைத்துப் பார்த்துவிடலாம்.